பெரியம்மாவின் சாப்பாடு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், சின்னவனுக்கு எண்ணூரில் வேலை கிடைத்துவிட்டது, மழை பெய்தால் வியாசர்பாடியில் தண்ணீர் நிற்பது மட்டும் மாறவேயில்லை. சரி, பெரியம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன், அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

கனடாவில் உங்கள் ஸ்கார்பரோவில் முருங்கைக்காயிலிருந்து இடியாப்பம் வரைக்கும் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கிறது, அப்படியும் ஏன் டீயில் ரஸ்க்கும் தயிர்சாதமுமாகவே ஓட்டுகிறார் என்று கேட்டிருக்கிறாய். கோபப்படாமல் கேள். கடை இருக்கிறது, ஆனால் பனியில் அவரால் நடந்து போக முடியாது, சனிக்கிழமை நீங்கள் காரில் கூட்டிப்போனால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சமைத்து ஃபிரிட்ஜில் வைத்ததை மத்தியானம் தனியாகச் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டும். கருவாடு வறுத்தால் புகைக்கு அலாரம் அடிக்கிறது, பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள் என்று அடுப்புப் பக்கமே போவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இதில் நாக்கைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

புது ஊருக்குப் பழகத் தெரியாதவர்களா பெரியம்மாவும் அவர் தலைமுறையும்? 1964இல் பர்மாவில் நே வின் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, ரங்கூனில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள். அங்கே காலையில் மொகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். இங்கே நாப்பி என்கிற புளித்த மீன் விழுது கிடைக்காதபோது காசிமேட்டுச் சென்னாக்குன்னியை, அந்தப் பொடி இறாலை, வறுத்து இடித்துப் போட்டார்கள். கடை போட்டபோது வாங்குகிறவர்கள் நாற்றம் என்று ஒதுங்கினால் மீனை விட்டுவிட்டு வாழைத்தண்டு சூப் மட்டும் வைத்தார்கள், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸில் புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கலந்தார்கள், இன்றைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் அதற்கு அவ்வளவு கூட்டம். ஆனால் இங்கே வியாசர்பாடி பி.வி. காலனியில் ஒரு தெருவே சேர்ந்து மாறியது, செல்வி. ஒருத்தி வெங்காயம் நறுக்க இன்னொருத்தி மாவு பிசைய, யார் வீட்டில் என்ன வேகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் இந்த வயதில்.

எங்கள் அம்மாவையே எடுத்துக்கொள். பல் போய்விட்டது, பேஜோவை, அந்த மொறுமொறு பருப்பு வடையை, சூப்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறாள், ஆனால் ஆசையாகச் சாப்பிடுகிறாள். போன வருஷம் பக்கத்து வீட்டு ஆயா காலமானபோது ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அப்புறம் பேரன் வேலை முடிந்து வந்து பக்கத்தில் தட்டு வைத்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் பழையபடி ஆனாள்.

தயிர்சாதமும் ரஸ்க்கும் மட்டும் என்றால் வயதானவர்களுக்குப் புரதம் போதாது, தசை கரைந்து கால் தள்ளாடும். தினம் ஒரு முட்டையோ, கெட்டிப் பருப்போ, மீனோ எப்படியாவது உள்ளே போகட்டும். கனடாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை வைட்டமின் டி தினமும் 400 யூனிட் எடுக்கச் சொல்கிறார்கள், அதையும் பி12 அளவையும் அவருடைய டாக்டரிடம் கேள். பிரஷர் இருக்கிறதே, கருவாடு அடிக்கடி வேண்டாம், எப்போதாவது ஒரு நாள், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வறுங்கள். யாராவது ஏதாவது சொன்னால் நீ பேசிக்கொள், அவர் தலையில் விடாதே.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவர் கையில் கொடு. நீயும் உன் மகளும் நறுக்கிக் கொடுங்கள், அவர் உட்கார்ந்து சொல்லட்டும். வாரத்தில் ஒரு நாளாவது வயதான தமிழர்கள் கூடுகிற இடத்துக்குப் போக வண்டிக்கு வழி பண்ணு, பஸ் மாறிப் போகச் சொல்லாதே.

ரங்கூனில் அவர் அம்மா மொகிங்காவுக்கு என்ன மீன் போட்டார் என்று எங்கள் அம்மா கேட்கச் சொன்னாள், இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை உங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, அதாவது எங்களுக்கு ஞாயிறு காலையில், வீடியோ கால் போடு. அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
சாந்தி