ஆற்றோர ரயிலும் பெரியம்மாவும்

பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். சின்னவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. மணி இன்னும் அதே லாரிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தம்பியும் நானும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் காரிலேயே போய் வந்தோம். நீ பயந்த மாதிரி வழியில் கார் நின்றுவிடவில்லை! புக்கிட் காயு ஈத்தாமில் எல்லை தாண்டி இரண்டு நாள் ஓட்டம். அங்கிருந்து வடக்கே போகும் 323ஆம் நெடுஞ்சாலையை நீ பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகள், மூங்கில் காடு, குவாய் நொய் ஆறு. தம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் ரயில் இன்றும் ஊர்ந்து போகிறது. எல்லாரும் ஜன்னல் வழியாகப் படம் பிடித்தார்கள். நானும் எடுத்தேன். தாத்தா ஞாபகம் வந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சயாம் ரயில், குணா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை. 415 கிலோமீட்டரை 1943 அக்டோபருக்குள் முடித்துவிட்டார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள், ஆள் சேராதபோது தோட்டம் தோட்டமாகப் புகுந்து பிடித்தார்கள். நம் தோட்டத்து லயன் வீடுகளிலும் அப்படித்தானே?

காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24 என்று படித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகவும் அழுகை வந்தது. ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு செத்தது நம் தமிழர்களும் பர்மியர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும்தான். 90,000 வரை சொல்கிறார்கள். வாந்திபேதியில் போனவர்களைக் குவியலாக எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். பெயர் எழுதி வைக்க ஆள் இல்லை. தாத்தா அங்கே எந்த மண்ணில் கிடக்கிறார் என்று யாரைக் கேட்பது?

அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் பெரியம்மாவுக்கு 90 தாண்டிவிட்டது. அன்று நம் தோட்டத்தில் லாரி ஏறியவர்களை வீடு வீடாகச் சொல்வார்களே, அதை இந்த வாரமே எழுதி வாங்கு. பட்டப்பெயர் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, எழுது. போனில் பதிவும் செய். அம்மாவிடம் கேட்டு நான்கு பெயர் எழுதிவிட்டேன், தாத்தாவோடு ஐந்து. மீதி உன் வீட்டில்தான் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு மத்தியானம் தூங்கி எழுந்த அப்புறம்தான் ஞாபகம் தெளிவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து உட்கார்.

அன்புடன்,
சேகர்