போர் நின்ற பின் தொடங்கும் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரில் சிக்கிய பொதுமக்களின் அவலத்தைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவதைத் தில்லியில் வாழும் தமிழன் என்ற முறையில் நன்றியோடு படித்து வருகிறேன். ஆயினும் குண்டு விழும் நாட்களுக்குக் கிடைக்கும் இடம், குண்டுச்சத்தம் ஓய்ந்த பிறகு வரும் ஆண்டுகளுக்கு நம் பத்திரிகைகள் எதிலும் கிடைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஆண்டுகளில் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டியவர்கள் குவேக்கர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாததால் இக்கடிதம் எழுதுகிறேன்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய சிறு கிறித்தவப் பிரிவினர் இவர்கள். எக்காரணத்திற்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது இவர்களது உறுதி. 1870-71இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது, கறுப்பும் சிவப்புமான நட்சத்திரச் சின்னத்தை அணிந்து பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் உணவோடு விதையும் கொடுத்தார்கள். அடுத்த விளைச்சல் இல்லாத உழவனுக்குப் போர் முடிந்துவிடவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் நடந்தது இன்னும் பெரியது. நேச நாடுகளின் கடல் முற்றுகை, போர்நிறுத்தத்திற்குப் பிறகும் 1919 கோடைக்காலம் வரை நீடித்ததால் குழந்தைகள் எலும்பும் தோலுமாய் இருந்தார்கள். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதா என்ற எதிர்ப்பு வலுவாக இருந்த நேரத்தில், அமெரிக்கக் குவேக்கர்களின் சேவைக் குழு 1920இல் அந்தப் பொறுப்பை ஏற்றது. மருத்துவர்கள் சோதித்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒரு வேளை உணவு வழங்கப்பட்டது. உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள் உண்டார்கள். அதே 1920இல்தான் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அறிந்த தமிழர்களுக்கு, பெர்லினில் ஊற்றிய கஞ்சியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போதும் இரு தரப்பார் வசமிருந்த பகுதிகளிலும் அவர்கள் குழந்தைகளுக்கு உணவளித்தார்கள். 1947இல் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் குவேக்கர் சேவை அமைப்புகளுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், காந்தியடிகளின் நண்பரான குவேக்கர் ஹொரஸ் அலெக்சாண்டர், பிரிவினையால் இரண்டாகிப் போன பஞ்சாபின் இரு பக்கத்து அகதிகளையும் பார்த்துவந்தார். அன்று தில்லியின் கிங்ஸ்வே முகாமில் நிரம்பியிருந்த அகதிகளின் வழித்தோன்றல்களோடுதான் தில்லித் தமிழர்களாகிய நாம் அன்றாடம் பழகுகிறோம்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது காசாவில் அவர்கள் ஆற்றிய பணி. 1948 இறுதியில் ஐ.நா. கேட்டுக்கொண்டதன் பேரில், அங்கு குவிந்திருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீன அகதிகளுக்கு உணவும் கூடாரமும் வழங்கும் பொறுப்பை அமெரிக்கக் குவேக்கர்கள் ஏற்றார்கள். பள்ளிக்கூடங்களும் திறந்தார்கள். ஆனால் அரசியல் தீர்வு காணாமல் நிவாரணத்தை மட்டும் நீட்டித்துக்கொண்டே போவது அம்மக்களுக்கு நன்மையாகாது என்று ஐ.நா.விடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 1950இல் பணியைப் புதிய ஐ.நா. அமைப்பிடம் ஒப்படைத்து விலகினார்கள். அது சரியா என்று இன்றும் வாதிடலாம். அரிசி மூட்டை நீதிக்கு ஈடாகாது என்பதை, மூட்டையைச் சுமந்தவர்களே சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். வியட்நாமில் குவாங் ஙாய் நகரில் 1967 முதல் அவர்கள் நடத்திய செயற்கைக் கால் நிலையத்திலும், உள்ளூர் மக்களுக்கே அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள்.

இவை நமக்குத் தொலைதூரச் செய்திகள் அல்ல. 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவால் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறியபோது, அங்கிருந்த தமிழ் மக்கள் சோற்றையும் மருந்தையும் மட்டுமா இழந்தார்கள்? தமக்கு நேர்வதைக் கண்ணால் கண்டு உலகுக்குச் சொல்லக்கூடியவர்களையும் இழந்தார்கள். எஞ்சிய செஞ்சிலுவைச் சங்கம் காயமுற்றோர் ஆயிரக்கணக்கானோரைக் கடல் வழியே அப்புறப்படுத்தியது. அதன்பின் மெனிக் முகாமின் முள்வேலிக்குள் அடைபட்ட லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பியபோது அவர்களது வீடும் வயலும் கிணறும் எந்நிலையில் இருந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் தொடர்ந்து படித்தோம்?

எனவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். போரோ கலவரமோ நிகழும்போது தில்லியிலுள்ள தமிழ் அமைப்புகள் மனமுவந்து நிதி திரட்டுகின்றன. அதில் ஒரு பகுதியை முதல் மாதத்திலேயே செலவிட்டுவிடாமல், விதைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாக இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பெறுகிறவர் எந்தத் தரப்பு, எந்த மதம் என்று கேட்காமல் அது போய்ச் சேர வேண்டும். அடுத்தது தங்களிடம்: போர் முடிந்த ஊர்களுக்கு ஓராண்டு, ஐந்தாண்டு கழித்துச் செய்தியாளர்களை அனுப்பி, அங்கு என்ன முளைத்திருக்கிறது, என்ன முளைக்கவில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
ராமகிருஷ்ணபுரம், புதுதில்லி