கொலுசு கோக்கலாம், ஆசிட் காய்ச்சலாமா?

ஐயா,

குடியிருப்புப் பகுதியில் உள்ள வெள்ளிப் பட்டறைகளுக்கு உள்ளூர்த் திட்ட அனுமதியை, அதாவது அந்த இடத்தில் தொழில் நடத்தத் தரும் அனுமதியை, எளிதாக்கலாம் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். சேலத்துக் கொலுசுத் தொழில் வீடுகளில்தான் வளர்ந்தது. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சலங்கை கோப்பதை யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால் அதே வீட்டின் பின்கட்டில் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைப்பதும், சயனைடு கரைசலில் முலாம் பூசுவதும் வேறு விஷயம். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் இது கண்ணில் படாது. அமிலத்திலிருந்து எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். சுவாசித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். சயனைடும் அமிலமும் தவறிக் கலந்தாலோ, உண்டாவது உயிர்க்கொல்லி வாயு. எங்கள் தெருவில் ஒரு பட்டறையை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பிகள் நாலைந்து வருடத்திலேயே அரித்துப்போகின்றன. சரி, கம்பியை மாற்றிவிடலாம்; நுரையீரலை மாற்ற முடியுமா?

எனவே அனுமதி விண்ணப்பத்திலேயே ரசாயனங்களின் பெயரையும் இருப்பு அளவையும் கேட்க வேண்டும். தீயணைப்புத் துறை நேரில் பார்த்த பிறகே அனுமதி தர வேண்டும். அமில, முலாம் வேலைகளுக்கு மட்டும் ஊருக்கு வெளியே, புகைபோக்கியும் கழிவு சுத்திகரிப்பும் உள்ள பொதுக்கூடம் ஒன்றைக் குறைந்த வாடகையில் அரசு அமைத்துத் தரலாம்.

– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்