படுத்துக்கொள் என்று சொன்னது தப்பு

கண்ணு,

நேற்று போனில் "இன்னைக்கு அரை மணி நேரம் விடாமல் நடந்தேன்பா" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "எதுக்கு இந்தச் சிரமம், படுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்றேன். நீ பதில் சொல்லாமல் "அம்மாகிட்ட கொடுங்க" என்றுவிட்டாய். ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடியது. மறுபடி போனில் பேசினால் மறுபடியும் அறிவுரைதான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு எம்.எஸ்., அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறை தேயும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், என்று தெரிந்த நாளிலிருந்து நான் படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். படுத்துக்கொள் என்பது என் பயத்தில் வந்த பேச்சு மட்டும் இல்லை, ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். 1890-இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், இந்த நோய் உள்ளவர்கள் உடலை வருத்தினால் பார்வை மங்குவதைக் கவனித்தார். பிறகுதான் காரணம் சூடு என்று புரிந்தது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை தேய்ந்த இடத்தில், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி ஒழுங்காகப் போய்ச் சேராது. பார்வை மங்கும், கால் கனக்கும். நோய் முற்றுகிறது என்று பயந்து, உடற்பயிற்சியே வேண்டாம் என்று ரொம்ப காலம் தடுத்துவைத்திருந்தார்கள். ஆனால் உடம்பு ஆறியதும் அந்த மங்கல் போய்விடுகிறது; அதனால் நரம்புக்குப் புதிதாகச் சேதம் எதுவும் இல்லை. 1996-இல் 15 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்களுக்கு வலுவும் கூடியது, மனச்சோர்வும் குறைந்தது. இப்போது, முடிந்தவர்கள் படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிடம் வரை உடம்பை அசைக்கலாம் என்கிறார்கள். நீ செய்ததுதான் சரி. நான் நூறு வருஷம் பின்னால் நின்று பேசியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். வெயிலுக்கு முன்னாலேயே நடந்துவிடு. கிளம்பும்போது குளிர்ந்த தண்ணீர் குடி, கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொள். அரை மணி நேரம் ஒரே மூச்சில் முடியாத நாளில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள். கால் தடுமாறும் நாளில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகளை உன் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். (பார், அறிவுரை வந்துவிட்டது.)

தண்ணீர் விஷயத்தில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வெளியே போகும் நாளில் கழிப்பறையை நினைத்து நீ தண்ணீரையே தொடுவதில்லை என்று அம்மா சொன்னாள். அவசரம் தாங்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும், தொற்று வரும், மலச்சிக்கலும் சேரும். தொற்றில் காய்ச்சல் வந்தால் பழைய அறிகுறி எல்லாம் ஒன்றாக எழுந்து நோயே திரும்பிவிட்டது போல மிரட்டும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல், அதற்கென்று மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் ஒரு புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் காத்திருக்காதே, உடனே அவரைக் கூப்பிடு.

அப்புறம், நான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே, இதைச் சாப்பிட்டால் எம்.எஸ். ஓடிப்போகும் என்று பதினைந்து இருபது செய்திகள். அத்தனையையும் அழித்துவிடு. ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர் கொழுப்பைக் குறைத்த சாப்பாட்டில் தம் நோயாளிகளை 34 வருஷம் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை அவர் வைத்துக்கொள்ளவில்லை. இந்த நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்த சாப்பாடு இதுவரை ஒன்றும் இல்லை. காய், பழம், முழுத்தானியம், குறைவான உப்பும் கொழுப்பும் என்று இதயத்துக்கு நல்லதாகச் சொல்வதையே சாப்பிட்டால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்துகொண்டால் எம்.எஸ். இன்னும் சீக்கிரம் முடக்கும் என்பதால்தான் சொல்கிறேன். வைட்டமின் டி மாத்திரையை ரத்தத்தில் அளவு பார்த்து மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் போடு. அதிகமானால் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதில் எதுவும் நோயைக் கட்டுப்படுத்த நீ போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பதில் ஆகாது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதை நிறுத்த நினைத்தால் மட்டும் நான் நேரில் வந்து நிற்பேன்.

எழுத வேண்டும் என்று நினைத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது ஒன்று இருக்கிறது. புகைப்பது இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, வந்தவர்களை வேகமாக முடக்குகிறது. அடுத்தவர் விடும் புகைகூட ஆபத்தைக் கூட்டும் என்று படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் புகைத்திருப்பேன்! உன் மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், உனக்குத் தெரியாது. மரபு, பெரும்பாலானோருக்கு வந்து உடம்பிலேயே தங்கிவிடும் எப்ஸ்டீன் பார் வைரஸ், வெயில் படாமை என்று பல சேர்ந்து வருவது, இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் விரல் நீட்ட முடியாது என்றார். சமாதானம் ஆனதா என்றால், பாதிதான். அன்றோடு விட்டேன், எட்டு மாதம் ஆகிறது. இருமல் குறைந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். கோபம் கூடியிருக்கிறது என்றும் சொல்கிறாள்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி. போன வருஷம் நீ வந்திருந்தபோது "வீட்டில் சும்மா இருந்தும் அசதியா?" என்று கேட்டேனே. தூங்கி எழுந்தாலும் போகாத அந்த அசதிக்கும் சோம்பலுக்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அசதி வந்து தள்ளுவதற்கு முன்னாலேயே நடுநடுவே ஓய்வு எடு. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே, எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எவ்வளவு நேரம் நடந்தாய் என்று மட்டும் கேட்பேன். படுத்துக்கொள் என்று வாய்வரைக்கும் வந்தால், நானே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா