ஹார்ட்லி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டேன். விஷயமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 'வெரி யுனிக்' என்று நீயே எழுதலாமா? யுனிக் என்றால் அது ஒன்றுதான், அதைப்போல் இன்னொன்று இல்லை. அதில் கூடக் குறைய என்ன இருக்கிறது? 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' என்று இருக்கிறதே என்பாய். அது குறையற்ற நிலைக்கு இன்னும் பக்கத்தில் என்ற பொருளில். நீ எழுதாதே. ஓரிடத்தில் 'ஃப்ரெண்ட்லிலி' வேறு. அகராதியில் இருந்தாலும் நாக்கு தடுக்குகிறது. 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று போட்டுவிடு. 'நியூலி மேரீட்' நடுவில் கோடு வேண்டாம்.

உன் எழுத்தை ஆபீசில் பாராட்டினார்களாமே? அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னிடம் நீ சொல்லவில்லை.

அப்புறம், எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு 'ஆப்சல்யூட்லி ஃபைன்' என்று ஒரே வரி. போன தடவை 'பெர்ஃபெக்ட்லி ஃபைன்'. அதற்கு முன்னால் 'ரியலி ஃபைன்'. வெறும் ஃபைன் போதாதா கண்ணு? ஒவ்வொரு தடவையும் வினையடை கனத்துக்கொண்டே போகிறது. கருப்பட்டி மாப்பிள்ளைக்குப் பிடித்ததா? நீ எழுதவே இல்லை. கட்டுரையில் அந்த 'வெரி'யை மறக்காமல் எடுத்துவிடு.

போன வாரம் உன் அலமாரியை ஒழித்தபோது, பதினோராம் வகுப்பில் விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நான் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியது. 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தாய். ஹார்ட் என்றால் பாடுபட்டு, ஹார்ட்லி என்றால் அநேகமாக இல்லை என்று ஓரத்தில் விளக்கம் வேறு எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரி, 'ஐ ஹார்ட்லி ஸ்லீப் ஹியர்'. அது சரியான வாக்கியம். பக்கத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

தூக்கமே இல்லை என்று என் பிள்ளை எழுதியிருக்கிறது. நான் டிக் போட்டிருக்கிறேன். ஏன் தூங்கவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க நீ எனக்கு எழுதாததற்கு உன்மேல்தான் கோபப்பட்டேன்.

இந்தத் தடவை தமிழில் எழுது. எத்தனை பிழை இருந்தாலும் இருக்கட்டும், நான் பேனாவைத் தொடமாட்டேன். மாடி அறையை அம்மா கழுவிவிட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா