மஞ்சள் வாத்துக்கும் மற்ற எல்லாருக்கும்

குறித்த நேரத்துக்குள் குழுவாக நிரல் எழுதி முடிக்கும் போட்டியான ஹேக்கத்தான் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. தூங்கி எழுந்துவிட்டேன். ஆனாலும் கை மட்டும் இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக கமிட் செய்துகொண்டிருக்கிறது (நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில், அதுவரை எழுதியதைப் பதிந்து வைப்பதுதான் கமிட்). ஞாயிறு ராத்திரி என்ன ஆனது என்பது உதவிச் சேனலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். என் புலம்பலை வரி விடாமல் படித்தவர்கள் நீங்கள்தான். அதனால் அந்தக் கதையை மறுபடி இழுக்கவில்லை. எங்கிருந்தோ எடுத்த 'ரீசெட் ஹார்ட்' என்ற கிட் கட்டளையை, கமிட் செய்யாததையெல்லாம் அது அழித்துவிடும் என்று தெரியாமல், ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதியதெல்லாம் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதல் நன்றி மஞ்சள் வாத்துக்கு. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சேனலில் அவர் தன் பெயரோடு வைத்திருந்த படத்தில் இருந்த பொம்மை வாத்தையே பெயராக வைத்துக்கொள்கிறேன்.

சமர்ப்பிக்க இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. 'எல்லாம் போச்சு, யாராவது இருக்கீங்களா' என்று நான் கேட்டதும் இரண்டு பேர் உடனே வந்தார்கள். ஏன் கமிட் செய்யவில்லை என்று ஒருவர். ரீசெட் ஹார்ட் கொடுத்தால் போய்விடும் என்று தெரியாதா என்று இன்னொருவர். தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா? அதற்குக் கீழே வந்த மூன்றாவது பதில்தான் வாத்துடையது: "ஃபோல்டரை மூடாதீங்க, எதையும் அழிக்காதீங்க. கடைசியா கொடுத்த கட்டளையெல்லாம் அப்படியே இங்க ஒட்டுங்க."

ஒட்டினேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. "சரி, ஸ்க்ரீன் ஷேர் பண்ண முடியுமா?" என்று மட்டும் வந்தது.

அழைப்பில் வந்ததும், "சார், கன்ட்ரோலை நீங்களே எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். என் கை அப்போது ஒழுங்காக ஓடவில்லை. "சார் எல்லாம் வேண்டாங்க, நான் முதல் வருஷம். நீங்களே டைப் பண்ணுங்க, நான் பார்த்துட்டிருக்கேன்" என்றார். நான் மூன்றாம் வருஷம். வெட்கப்படக்கூட நேரமில்லை.

முதலில் ரிஃப்ளாக் என்ற கிட்டின் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். கமிட் செய்தது எதுவானாலும் தடம் அதில் இருக்குமாம். எங்கள் தடம் வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தது. 'எல்லாம் முடியட்டும், அழகாக ஒரே கமிட்டாகப் போட்டுவிடலாம்' என்று இருந்த மகராசன் நான்தானே. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கிட் ஆட் பண்ணீங்களா?" என்றார். கமிட் செய்வதற்கு முன்னால் கோப்பை எடுத்துவைக்கும் கட்டளை அது. அதை மட்டும் நாள் முழுக்கப் பண்ணியிருந்தேன். எதற்கு என்று தெரியாமலே, பயிற்சி வகுப்பில் சொன்னார்கள் என்பதற்காக.

"அப்ப இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

ஆட் செய்த நொடியிலேயே கிட் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை நகல் எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நகல் எந்தக் கமிட்டிலும் சேராமல் போனாலும் உடனே தூக்கி எறிந்துவிடாது. வழக்கமான அமைப்பில் இரண்டு வாரமாவது அப்படியே கிடக்கும். ஆனால் கோப்பின் பெயர் அந்த நகலோடு இருக்காது. இப்படி அநாதையாகக் கிடப்பவற்றைத் தேடித் தரும் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் என்ற சொல்லோடு கொடுத்ததும் 67 கோப்புகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் 40 எழுத்தில் ஒரு பெயர், எல்லாம் எண்ணும் எழுத்துமாகக் கலந்து. எது என்னுடையது, எது எங்கிருந்தோ இறக்கிய, வேறு யாரோ எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பினுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். நாலாவது கோப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

"இருங்க" என்றார் வாத்து. "உங்க கோடுல மட்டும் இருக்கற, வேற யாரும் எழுதியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கற ஒரு சொல் சொல்லுங்க."

எங்களுடையது சின்னத் திட்டம். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று நினைவூட்டும் ஒரு பக்கம். அதில் திருப்பித் தர வேண்டிய தேதியை நிரலுக்குள் தாங்கி நிற்கும் மாறிக்கு நான் வைத்திருந்த பெயர் 'கெடு'. ஆமாம், தமிழிலேயே. நாங்கள் எழுதிய நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். குழுவில் இதை வைத்து என்னைச் சனிக்கிழமை முழுக்கக் கிண்டல் செய்தார்கள். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"சூப்பர். அதையே தேடுங்க."

தேடினேன். 67 கோப்பில் 9 மட்டும் நின்றன. ஒன்பதும் ஒரே கோப்பின் ஒன்பது நிலைகள். நான் ஆட் செய்த ஒவ்வொரு தடவையும் ஒன்று. எல்லாமே அந்த நிமிஷம்தான் வெளியே எடுத்தவை என்பதால் தேதியை வைத்து எது கடைசி என்று கண்டுபிடிக்க வழியில்லை. "கடைசியா எதைச் சரி பண்ணீங்க?" என்றார். ஜனவரி! ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் 0 முதல் 11 வரை போகும், ஜனவரி பூஜ்யம். அது தெரியாமல் எங்கள் பக்கம் எல்லாப் புத்தகத்தையும் ஒரு மாதம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிறு மதியம் ஒரு வழிகாட்டி அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, மாதத்தோடு ஒன்று கூட்டியிருந்தேன். கூட்டல் குறி இருந்த கோப்பு ஒன்றே ஒன்றுதான்.

அதைத் திறந்து பெயர் வைத்துச் சேமித்தேன். "இப்ப கமிட்" என்றார். கமிட். "புஷ்." புஷ். இணையத்தில் வந்துவிட்டதை அவரும் தன் பக்கம் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளம்பினார். "சரிங்க, நான் போறேன். எங்க டெமோ வீடியோவே இன்னும் எடுக்கல." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் வழிகாட்டி இல்லை, போட்டியாளர். எங்களோடு அதே பிரிவில், அதே கெடுவுக்கு ஓடிக்கொண்டிருந்தவர். ஐம்பது நிமிஷம் என் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நேற்று எல்லாக் குழுக்களின் வீடியோவையும் பார்த்தபோது அவர்களுடையதையும் பார்த்தேன். ஒரே டேக். நடுவில் ஒரு பொத்தான் வேலை செய்யாமல் போக, "சாரி, ஒரு நிமிஷம்" என்று அவர் குரல் கேட்கிறது. அதை வெட்டி எடுக்க நேரமிருந்திருக்காது. ஏன் இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். பரிசு அவர்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது. ஒரு வாரம் முன்பே கிட் பயிற்சி வகுப்பு நடத்திய ஒருங்கிணைப்பாளர்கள். அங்கே சொன்ன 'அடிக்கடி ஆட் பண்ணுங்க'தான் காப்பாற்றியது. 'அடிக்கடி கமிட் பண்ணுங்க' என்றும் சொன்னார்கள், அது என் காதில் ஏறவில்லை. போட்டியின் கெடுவை ஒவ்வொருவர் ஊர் நேரத்துக்கும் மாற்றிப் பட்டியல் போட்டவர், ஜனவரியைப் பிடித்த வழிகாட்டி, உதவிச் சேனலில் கிண்டல் தலைதூக்கியபோதெல்லாம் சத்தமில்லாமல் அடக்கிய நிர்வாகிகள், தோற்ற குழுவுக்கும் உட்கார்ந்து ஆறு வரி கருத்து எழுதிய நடுவர், அப்புறம் அந்த ஐம்பது நிமிஷமும் மைக்கை அணைத்துவிட்டு என்னை ஒரு வார்த்தை கேட்காத என் மூன்று குழுத் தோழர்கள். எல்லாருக்கும் நன்றி.

முதல்முறை வருகிறவர்களுக்கான ஹேக்கத்தான் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். எளிய தலைப்பு கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தலைப்பு ஒன்றும் எளிதில்லை. தப்பு செய்தவனிடம் 'என்ன செய்தாய்' என்று கேட்கிற ஆள் அங்கே இருந்தார், அதுதான் வித்தியாசம். 'ஏன் செய்தாய்' என்று கேட்டிருந்தால் நான் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் படுத்திருப்பேன். விசைப்பலகையை அவர் வாங்கியிருந்தால் கோப்பு வந்திருக்கும், எனக்கு ஒன்றும் வந்திருக்காது. நிரலாளர்கள் சிலர் மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, கோளாறை அதனிடம் வரி வரியாக விளக்குவார்களாம். விளக்கும்போதே விடை தட்டுப்படுமாம். அவர் ஏன் அந்தப் படத்தை வைத்திருக்கிறார் என்பது நேற்றுதான் புரிந்தது.

அடுத்த தடவை நான் போட்டியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கடைசி மூன்று மணி நேரம் உதவிச் சேனலில் இருப்பேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கடைசியாகக் கொடுத்த கட்டளைகளை ஒட்டச் சொல்லவாவது தெரியும்.

வாத்து, இன்னொன்று. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே ஒரே ஒரு 'ஏன்' கேட்டீர்கள்: "ஏங்க 'கெடு'ன்னு பேர் வெச்சீங்க?" பதில் சொல்வதற்குள் போய்விட்டீர்கள். இதோ: முதலில் ஆங்கிலத்தில் 'டியூ டேட்' என்றுதான் வைத்தோம். நாலு பேரும் நாலு விதமாக எழுதினோம். ஒருவர் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக, ஒருவர் எல்லாவற்றையும் சின்னதாக, ஒருவர் நடுவில் அடிக்கோடு போட்டு. ஜாவாஸ்கிரிப்டுக்கு அவையெல்லாம் வேறு வேறு பெயர்கள். சனிக்கிழமை காலை முழுக்கச் சண்டை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாதே, அதனால் வைத்தேன்.