டெங்கு ஒருமுறை வந்த பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் சிலர், "எம் புள்ளைக்குப் போன வருசமே டெங்கு வந்துருச்சு டீச்சர், இனிமே வராதுல்ல?" என்று கேட்டீர்கள். வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தட்டம்மை ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. அந்த வைரஸை அடையாளம் காணும் ஆன்டிபாடிகள், அதாவது நோயை எதிர்க்க உடம்பே உருவாக்கும் புரதங்கள், உடம்பில் ஆயுளுக்கும் இருக்கும். வாடிவாசல் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்வேன்: திமிலை அணைத்தால்தான் பிடி, வாலைப் பிடித்தால் கணக்கில் வராது. வைரஸ் தன் மேற்புறத்திலுள்ள புரதத்தைக் கொண்டுதான் நம் செல்லில் ஒட்டி நுழைகிறது. அந்த இடத்தை ஆன்டிபாடி இறுகப் பற்றினால் வைரஸ் நுழைய முடியாது. வேறெங்கோ பற்றினாலோ, பிடி தளர்ந்தாலோ அது அடங்காது.

டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. வந்துபோன வகையிடமிருந்து நீண்ட காலம் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றிடமிருந்து சில மாதங்கள்தான். பிறகு வேறு வகை புகுந்தால், பழைய ஆன்டிபாடிகள் அதன்மேல் ஒட்டும், ஆனால் அடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளணுக்களின் வேலை. விழுங்கப்பட்ட வைரஸ் சாகாமல் அந்த அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. இரண்டாம் முறை வரும் டெங்கு சில பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்க இது முக்கியக் காரணம்.

ஆகவே காய்ச்சல் கண்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முன்பு டெங்கு வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு இருந்தால் நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடுப்பைப் பற்றி இங்கே யாரும் கேட்க மாட்டோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதாவது பள்ளி நேரத்தில். முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பலாம். பள்ளித் தொட்டிகளை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுகிறோம். வீட்டில் ஆட்டுரல், சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜ் பின்தட்டு ஆகியவற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

முன்பு டெங்கு வந்த பிள்ளைகளின் விவரத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்